ஓட்டு இல்லாத ஆள் காத்த மடை

தஞ்சாவூரில் யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான். "பூர்வீகம் எந்த ஊரு?" விடுதி வரவேற்பில் இருந்த பெண் கேட்டார், ஆட்டோக்காரர் கேட்டார், பேருந்து நிலையத்தில் வெள்ளரிப் பிஞ்சு விற்றவரும் கேட்டார். மலேசியா, ஈப்போ என்று சொன்னால் பொறுமையாகத் தலையை ஆட்டிவிட்டு, "அது சரிங்க, பூர்வீகம்?" என்று மறுபடியும் ஆரம்பிக்கிறார்கள். எனக்கு உண்மையிலேயே தெரியாது. எங்கள் குடும்பத்தில் யாரும் சொல்லி வைக்கவில்லை. வெள்ளரிக்காரரிடம் எரிச்சலில் "இந்த ஊர்தான்" என்று ஒரு பொய்யைச் சொன்னேன். "எந்தத் தெரு?" என்றார். வாங்கிய பிஞ்சைக் கடித்துக்கொண்டே நடையைக் கட்டினேன்.

நான் வந்த வேலை பூர்வீகம் தேடுவது அல்ல. ஈப்போவில் எங்களுக்கு ஒரு சிறு குழு இருக்கிறது. வைத்தியம் பையில் இருக்கும் காசைப் பார்த்து நடக்கக் கூடாது என்று மருத்துவமனை வாசலில் பதாகை பிடித்து நிற்கும் குழு. பிடிப்பவர்கள் எல்லோருக்கும் தலை நரைத்துவிட்டது. இதே வேலையைக் காவிரிப் படுகையில் செய்யும் ஒரு குழு, ஆகஸ்ட் பதினைந்து கிராம சபைக்கு முந்தைய நாட்களில் ஊர் ஊராகப் போகிறோம், உங்கள் நாட்டு அனுபவத்தைச் சொல்ல ஒருவரை அனுப்புங்கள் என்று கேட்டது. எங்கள் ஆட்களில் ஒருவருக்குப் பேரன் பிறந்தநாள், ஒருவருக்கு முழங்கால், ஒருவருக்கு வீட்டு நாயை விட்டுவர மனமில்லை. எனக்கு மட்டும் எந்தத் தடையும் இல்லை. என் மனைவி சரோஜா போன வருடம் போய்ச் சேர்ந்துவிட்டாள். மகள் மெல்பர்னிலிருந்து ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவாள். கேள்வி முடிவதற்குள் கையைத் தூக்கியவன் நான்தான்.

பேச்சை எழுதி, கண்ணாடி முன் நின்று பழகியிருந்தேன். ஆஸ்பத்திரியில் முப்பது வருடத்துக்கு மேல் மருத்துவ உதவியாளராக இருந்தவன், மேடை ஏறிப் பழக்கமில்லை. ஆனாலும் ஆசை இருந்தது. வீட்டில் பேச ஆள் இல்லாதவனுக்கு ஒலிபெருக்கி கிடைப்பது சின்ன விஷயமா?

மறுநாள் காலை காவிரிப் படுகைக் குழுவிலிருந்து மல்லிகா வந்தார். நாற்பது வயது இருக்கும். ஒரு சிறிய டவுனில் தையல் கடை வைத்திருக்கிறார். அவரது அம்மாவும் அப்பாவும் விவசாயக் கூலிகள். இப்போது அண்ணன் சொந்தமாக நிலம் வைத்திருக்கிறார், தங்கை வங்கியில் வேலை பார்க்கிறார். மல்லிகா கடையைப் பாதி நாள் பூட்டிவிட்டு இந்த வேலைக்கு அலைகிறார். "வாங்கண்ணே, டிபன் ஆச்சா?" என்றார். ஆச்சு என்றேன். நம்பாமல் இன்னொரு முறை வாங்கிக் கொடுத்தார். இட்லிக்குக் கடப்பா என்று ஒன்றை ஊற்றினார்கள். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்ந்த குழம்பு. ஈப்போவில் இதை வைத்தால் கடைக்கு முன் வரிசை நிற்கும். சரோஜாவிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்து, பிறகு தட்டைப் பார்த்துச் சாப்பிட்டேன்.

அன்று தரங்கம்பாடியைத் தாண்டி ஒரு மீனவர் குப்பத்துக்குப் போனோம். கோட்டையில் சுற்றுலாக்காரர்கள் புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் நிற்காமல் போனோம். குப்பத்தில் ஏலம் முடியும்வரை மல்லிகா வாயே திறக்கவில்லை. மீன் கூடை ஏறிய பிறகுதான் பெண்கள் காது கொடுப்பார்களாம். நான் என் பேச்சைத் தொடங்கினேன். எங்கள் நாட்டு அரசாங்க கிளினிக்கில் எப்படி எல்லோரையும் பார்க்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டு போனபோது, கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டிருந்த ஒரு அம்மாள் இடைமறித்தார்.

"இங்கயும் மருந்து சும்மாதாங்க குடுக்குறாங்க. குடுக்குற எடத்துக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள மீனு நாறிப் போயிடுது. அதுக்கு என்ன செய்யுறதுன்னு உங்க ஊருல ஏதாவது வழி இருக்கா?"

இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் நடந்து போய்விட்டார். மதியம் சங்கரா மீன் குழம்பு ஊற்றிச் சோறு போட்டார்கள். குழம்பு நன்றாக இருந்தது, என் பேச்சுதான் எடுபடவில்லை.

திரும்பும் வழியில் எங்கள் ஆட்டோவின் கூரையில் கட்டியிருந்த ஒலிபெருக்கி, தாழ்ந்து தொங்கிய தென்னை மட்டையில் மாட்டி, பிய்த்துக்கொண்டு வாய்க்காலில் விழுந்தது. வாய்க்கால் காய்ந்து வெடித்துக் கிடந்ததால் ஒலிபெருக்கி பிழைத்தது. ஓட்டுநர் இறங்கிப் போய்த் தூசியைத் தட்டி எடுத்து வந்தார்.

"தண்ணி வராததுல இன்னைக்கு ஒரு லாபம்ணே" என்று சிரித்தார் மல்லிகா. "கடைமடைக்கு இன்னும் வரல. பதினஞ்சாம் தேதிக்குள்ள விடலைன்னா ரோட்ல உக்காந்துருவோம்னு நாங்கதான் மனு குடுத்திருக்கோம்."

மருத்துவக் குழு எதற்குத் தண்ணீருக்கு மனு கொடுக்கிறது என்று கேட்டேன். என்னை விநோதமாகப் பார்த்தார். "நாத்து காயுறப்ப போயி ஆஸ்பத்திரி பத்திப் பேசுனா, அடிக்க வருவாங்கண்ணே."

மூன்றாம் நாள் கூத்தாநல்லூர். அங்கே ஜபருல்லா என்பவர் வீட்டில் மதியச் சாப்பாடு. ஈப்போ என்றதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. அவருடைய மாமா அங்கே கடை வைத்திருந்தாராம். நான் தினமும் நடக்கும் தெருவில் முன்பு என்னென்ன கடைகள் இருந்தன என்று வரிசையாகச் சொன்னார். பூர்வீகத்தைக் கேட்காத முதல் மனிதர். நெய்ச்சோறும் தால்ச்சாவும் வைத்தார்கள். "வீட்ல அவங்களையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே?" என்றார். அவள் இல்லை என்றேன். அவர் இன்னொரு கரண்டி சோற்றை என் தட்டில் வைத்தார். கை கழுவப் போன இடத்தில் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். கூட்டத்தில் இருக்கும்போதுதான் தனிமை இப்படிப் பிடித்து உலுக்குகிறது. ஈப்போவில் பூட்டிய வீட்டுக்குள் அது சாதுவாகத்தான் கிடக்கும்.

அடுத்த நாள் போன கிராமத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று மல்லிகா கேட்டுக்கொண்டார். கல்லணையிலிருந்து கிளம்பும் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் ஊர்களில் ஒன்று. அங்கே கலியபெருமாள் வீட்டில் தங்கினேன். ஐம்பதைத் தாண்டியவர், குத்தகைக்கு நிலம் வைத்துச் சாகுபடி செய்கிறார். இடது கையில் எப்போதும் துண்டைச் சுற்றியிருப்பார். அந்தத் துண்டுக்கு அடியில் என்ன இருக்கும் என்று பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. ரத்தம் சுத்திகரிப்பதற்காக ஊசி ஏற்றி ஏற்றிப் புடைத்த நரம்பு. சிறுநீரகம் இரண்டும் செயலிழந்தவர். வாரத்துக்கு மூன்று முறை விடியற்காலைப் பேருந்தில் தஞ்சாவூர் போய் இயந்திரத்தில் படுத்துவிட்டு வருகிறார்.

அந்த இயந்திரம் பக்கத்திலுள்ள தாலுகா ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும் என்பதுதான் இந்தப் பகுதியில் குழுவின் கோரிக்கை. எந்த ஆஸ்பத்திரிக்குக் கொடுப்பது என்று அந்த மாதமே முடிவு செய்யப்போகிறார்களாம். சுற்று வட்டாரத்தில் இப்போது இயந்திரத்துக்குப் போய்வருகிறவர் இந்த ஊரில்தான் இருக்கிறார். அதனால் இந்த ஊர்க் கிராம சபை தீர்மானம் போட்டே ஆக வேண்டும். போதுமான ஆள் கூடாவிட்டால் தீர்மானம் எழுத மாட்டார்கள். அடுத்த சபை அக்டோபரில்தான். அதற்குள் இயந்திரம் வேறெங்காவது போய்விடும்.

"உங்க ஊருல இதுக்கு எங்க போவாங்க?" என்று கலியபெருமாள் கேட்டார்.

சரோஜாவும் இயந்திரத்தில் இருந்தவள்தான் என்று சொன்னேன். அரசாங்கமும் ஒரு சங்கமும் சேர்ந்து நடத்தும் நிலையம், எங்கள் தெரு முடியும் இடத்தில் இருந்தது. அவள் படுத்திருப்பாள், நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து நாளிதழை வாசித்துக் காட்டுவேன். எங்கள் கல்யாண வாழ்க்கையிலேயே அதிகம் பேசியதும் சிரித்ததும் அங்கேதான். பல வருடம் அப்படி ஓடியது. கடைசியில் இதயம்தான் அவளைக் கைவிட்டது.

அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டார். "நடந்தேவா போவீங்க?"

"ஆமாம், நடந்தே."

"நடந்தே" என்று தன் மனைவி செல்வியைப் பார்த்துச் சொன்னார். அதற்குப் பிறகு நான் எழுதி வைத்திருந்த பேச்சைக் கையில் எடுக்கவே எனக்கு வெட்கமாக இருந்தது.

பதினைந்தாம் தேதி காலை பள்ளிக்கூடத்தில் கொடி ஏற்றினார்கள், அடுத்து அங்கேயே கிராம சபை. மிட்டாய் வாயில் கரைவதற்குள் சாலையில் ஒருவர் சைக்கிளில் கத்திக்கொண்டே போனார். "தண்ணி வந்துருச்சு! தண்ணி வந்துருச்சு!" கூட்டம் அப்படியே கலைந்தது. கொடிக் கம்பத்துக்குக் கீழே தலைமை ஆசிரியரும் ஊராட்சிச் செயலரும் மல்லிகாவும் கலியபெருமாள் தம்பதியும் நானும்தான் மிச்சம்.

மல்லிகா தலையில் கை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். "பதினஞ்சுக்குள்ள விடுன்னா, பதினஞ்சாம் தேதியே விட்டுட்டாங்களேண்ணே! மனுவுல பதினாலுன்னு எழுதியிருக்கக் கூடாதா நானு!" அழுவதா சிரிப்பதா என்று தெரியாத முகம். தண்ணீரும் கேட்டு வைத்தியமும் கேட்டவர்களுக்கு இரண்டும் ஒரே காலையில் வந்து நின்றால் என்ன செய்வார்கள்?

முறைத் தண்ணீர் இது. குறிப்பிட்ட நாட்களுக்குத்தான் ஓடும். மேலே இருக்கிற வயலுக்கு முதலில் பாயும், அது நிரம்பியதும் மடையை அடைத்து அடுத்த வயலுக்குத் திறக்க வேண்டும். மடை என்றால் கதவெல்லாம் இல்லை. வாய்க்கால் கரையில் வெட்டிய ஒரு வாய், அடைக்க நாலு வெட்டு மண் போதும். ஆள் நிற்காத மடையைப் பக்கத்து வயல்காரர் அடைத்துவிட்டால் கேட்பாரில்லை. கலியபெருமாளின் நாற்றங்கால் தண்ணீரில்லாமல் ஏற்கெனவே பழுத்துக் கிடந்தது. இந்த முறையை விட்டால் நாற்று போச்சு. ஆனால் கூட்டத்தில் அவர் பேசாமல் வேறு யார் பேசுவது? செல்வியும் போக வேண்டும், ஒரு தலை குறைந்தாலும் குறைவுதான்.

கலியபெருமாள் என்னைப் பார்த்தார். மல்லிகாவும் பார்த்தார்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க" என்றார் மல்லிகா. "என்னை விட்டா இந்த ஊர்ல ஓட்டு இல்லாத ஆளு நீங்க ஒருத்தர்தான்."

இப்படியாக, மேடையில் பேசுவதற்காகக் கடல் கடந்து வந்தவன், கையில் மண்வெட்டியோடு மடைக்குக் காவல் நின்றேன். கலியபெருமாள் போகும்போது சொன்னார். "கீழ வயல் கோவிந்தசாமி வருவான். எங்களுக்குள்ள பேச்சுவார்த்த கெடையாது. நீங்க சிரிச்சுக்கிட்டே இருங்க. கைய மட்டும் மம்பட்டியிலேருந்து எடுத்துராதீங்க."

எனக்கு மனத்தாங்கல்தான். அதை மறைக்க வேண்டியதில்லை. வயல்வெளி முழுவதும் ஆங்காங்கே ஆட்கள், ஒவ்வொருவரும் தங்கள் மடையைப் பார்த்தபடி. என் பக்கம் யாரும் திரும்பவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து அந்த அடிபட்ட ஒலிபெருக்கி கரகரவென்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது. "கிராம சபைக்கு ஆள் போதவில்லை. பொதுமக்கள் வர வேண்டும்." தண்ணீர் சேற்று நிறத்தில் நுரை தள்ளிக்கொண்டு நாற்றங்காலுக்குள் நுழைந்தது. அதைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பக்கத்தில் ஒருவர் நின்று 'பாருங்களேன்' என்று சொல்லியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

கோவிந்தசாமி வந்தார். ஒல்லியான, உயரமான மனிதர், தோளில் மண்வெட்டி.

"யாருங்க நீங்க?"

"கலியபெருமாள் வீட்டு விருந்தாளி" என்று சிரித்தேன்.

"விருந்தாளிய மடையில நிறுத்திட்டு அவன் மைக் புடிக்கப் போயிட்டானா? நவுருங்க. அவனுக்குப் பாய்ஞ்சது போதும்."

"அவர் வரும்வரை தொடக் கூடாது என்றார்." சிரிப்பு என் முகத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. மண்வெட்டியை இறுகப் பிடித்தேன். அவர் ஒரு தள்ளு தள்ளியிருந்தால் நான் வாய்க்காலில் கிடந்திருப்பேன். அதற்குள் ஒலிபெருக்கியில் கலியபெருமாளின் குரல் வந்தது. கோவிந்தசாமி முகத்தைச் சுளித்தார்.

"எனக்குப் பேச வராதுங்க. வைத்தியத்துக்கு எங்கிட்ட யாரும் காசு கேக்கல, பொய் சொல்லக் கூடாது. போற தூரம்தான் ஆளக் கொல்லுது. திரும்பி வந்து எறங்குறப்ப காலு தரையில பாவாது. முன்னாடி கூட ஆளு இருந்தாங்க. கீழத்தெரு மாரிமுத்து அண்ணன் வந்தாரு. கடைத்தெரு ஹமீதா அக்கா வந்தாங்க. கோவிந்தசாமி சம்சாரம் அம்சா வந்துச்சு. யாருக்காவது மயக்கம் வந்தா இன்னொருத்தர் புடிச்சுக்குவோம். மூணு பேரும் போய்ச் சேந்துட்டாங்க, இப்ப நான் ஒருத்தன்தான் போறேன்."

கோவிந்தசாமி தோளிலிருந்த மண்வெட்டியை இறக்கினார்.

"அம்சா ஒரு நாளு சொல்லுச்சு. 'அண்ணே, நாளைக்கு நான் வரல. நடவு ஆளுங்களுக்குச் சோறாக்கணும். போயிட்டு வந்தா அன்னைக்கு எந்திரிக்க முடியல'ன்னு. ஒரு தடவ விட்டுச்சு. அப்புறம் இன்னொரு தடவ விட்டுச்சு. மெஷின் இங்கயே இருந்திருந்தா, சோத்த வடிச்சு வச்சுட்டுப் போயிருக்கும்ங்க அந்தப் புள்ள."

ஒலிபெருக்கி சிறிது நேரம் கரகரத்தது. கோவிந்தசாமி வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

"எங்கிட்ட அப்புடிச் சொல்லலீங்க" என்றார் என்னிடம். "ஒடம்பு தேறிருச்சு, டாக்டரே ஒரு தடவ வர வேணாம்னுட்டாருன்னு சொல்லுச்சு. நானும் சரின்னுட்டேன்."

டாக்டர்கள் அப்படிச் சொல்வதில்லை என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் அது அந்தக் கணத்தில் தெரிந்துவிட்டது. எங்கள் தெருமுனையில் நாற்காலியில் உட்கார்ந்து நாளிதழ் வாசித்த அத்தனை வருடத்துக்கும் நான் என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. அந்த நிலையம் அங்கே இருந்தது, அவ்வளவுதான்.

செயலரின் குரல் வந்தது. ஆள் இன்னும் குறைகிறது, வராவிட்டால் தீர்மானத்தை எழுத முடியாது என்றது. கோவிந்தசாமி எழுந்தார். மண்வெட்டியைக் கரையில் ஓங்கிக் குத்தினார்.

"அவன் வயலு ரொம்பட்டும். அடைச்சிராதீங்க."

வரப்பில் வேகமாக நடந்தார். போகிற வழியில் கையை வாயில் குவித்து, "ஏ, கெளம்புங்கடா! கலியன் ஒத்தையில நிக்கிறான்!" என்று கத்தினார். மற்ற மடைக்காரர்களும் ஒலிபெருக்கியைக் கேட்டுக்கொண்டுதானே நின்றிருந்தார்கள். ஒருவர் தயங்கினார், ஒருவர் வேட்டியை அவிழ்த்துக் கட்டினார். பிறகு ஒவ்வொருவராக மண்வெட்டியைக் கரையில் குத்திவிட்டு என்னைக் கடந்து போனார்கள். "பாத்துக்குங்கண்ணே." "நம்ம மடையும் ஒரு கண்ணு பாத்துக்குங்க." யாரும் பூர்வீகம் கேட்கவில்லை. கண்ணுக்கு எட்டிய தூரம்வரை வயலில் நான் ஒருவன்தான். மடைக்கு மடை ஓடினேன், ஓரிடத்தில் வழுக்கி விழுந்தேன். தீர்மானம் வாசித்ததையும் கைதட்டலையும் இடுப்பளவு சேற்றோடு நின்று கேட்டேன்.

தீர்மானம் ஒரு தாள்தான், இனிமேல்தான் வேலையே இருக்கிறது என்று மல்லிகா சொன்னார். ஆனால் அந்தத் தாளை மடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். அன்று செல்வி சுட்ட கருவாட்டின் ருசியை எந்த விருந்திலும் நான் கண்டதில்லை.

மறுநாள் கலியபெருமாளின் இயந்திர நாள். நான் ஊர் திரும்பும் நாளும் அதுதான். இருட்டு பிரியாத நேரத்தில் இருவரும் பேருந்துக்கு நின்றோம். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கோவிந்தசாமி வந்தார்.

"தஞ்சாவூருல ஒரு வேல இருக்கு" என்றார், யாரையும் பார்க்காமல். என்ன வேலை என்று கலியபெருமாள் கேட்கவில்லை.

பேருந்து வந்தது. கலியபெருமாள் ஒரு ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்தார். கோவிந்தசாமி கம்பியைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றார். பேருந்து கிளம்பி, கடைத்தெருவைத் தாண்டும்வரை நின்றார். பிறகு குனிந்து கேட்டார்.

"அம்சா எங்க உக்காரும்?"

கலியபெருமாள் எழுந்து தன் இடத்தைக் காட்டினார். கோவிந்தசாமி உள்ளே நகர்ந்து உட்கார்ந்தார். ஜன்னலின் கண்ணாடியை இரண்டு கையாலும் தள்ளித் திறந்து, முகத்தை வெளியே திருப்பிக்கொண்டார். தஞ்சாவூர்வரை திரும்பவே இல்லை.